சங்கிலி ஒருவனா, இருவரா?

ஆசிரியன் மாணாக்கனுக்குக் கற்பிப்பது உலக வழக்கு. மாணாக்கன் ஆசிரியனுக்குக் கற்பித்த நிகழ்ச்சியொன்றை ஈண்டுக் கூற விரும்புகின்றேன். அது என் தவற்றைப் பற்றியதாதலின் அதனை மறைத்தல் முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உரைநடை நூல்களின் வரலாறு கூறும்போது யாழ்ப்பாண வைபவமாலையைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னாரிற் கிறித்தவரைக் கொன்ற சங்கிலி மன்னனைப் போர்த்துக்கேயர் சிறைப்பிடித்தனர். அத்தோடு தமிழரசு வீழ்ந்தது என்றேன். கரும்பலகையில் மூன்று ஆண்டுகளையும் எழுதினேன்: 1519 அரசேற்றம், 1544 மன்னார் நிகழ்ச்சி, 1619 வீழ்ச்சி. கதையை வைபவமாலையிலிருந்தும் ஆண்டுகளை வரலாற்று நூல்களிலிருந்தும் எடுத்தேன். இரண்டும் ஒட்டுமா என்று நான் எண்ணிப் பார்த்திலேன். அப்போது பின்வரிசையிலிருந்த மன்னார் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, இருபது வயதில் அரசேறியிருந்தாலும், பிடிபடும்போது அந்த அரசருக்கு நூற்றிருபது வயதல்லவா?" என்று வினாவினான். வகுப்பு முழுவதும் நகைத்தது. "பிறகு சொல்கிறேன், இரு" என்றேன். விடை என்னிடம் இல்லை என்பதே உண்மை.

விடை மிக எளியது. சங்கிலி என்னும் பெயருடைய மன்னர் இருவர். அவர்தம் காலங்களுக்கிடையே இரண்டு தலைமுறைக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு.

முதலாமவன் 1519ஆம் ஆண்டளவில் நல்லூரில் அரசேறியவன். போர்த்துக்கேயரின் கடல் வலிமையை நேரிற் கண்டு, ஒரு காலம் திறை கொடுத்தும் ஒரு காலம் எதிர்த்தும் அரசு நடத்தியவன். 1544இல் மன்னாரில் மதம் மாறியோரைக் கொல்வித்தவன் இவனே. கொல்லப்பட்டோர் ஏறக்குறைய அறுநூற்றுவர் என்பர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1560இல், கோவாவின் அரசப் பிரதிநிதியாகிய கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா தானே பெருங் கடற்படையொன்றைக் கொண்டுவந்து நல்லூரைக் கைப்பற்றினான். மன்னன் தலைநகரை விட்டு நீங்கினான், உடன்படிக்கையும் செய்தான். ஆயினும் குடிமக்கள் கிளர்ந்தெழுந்தனர். பறங்கிப் படை யாழ்ப்பாணத்தைக் கைவிட்டு மன்னாரளவில் ஒதுங்கிக் கோட்டை கட்டிக்கொண்டது. அரசு பிழைத்தது. இச்சங்கிலி சிறைப்பட்டவனல்லன்; அவன் காலத்தில் அரசு வீழவுமில்லை.

இதன்பின் முப்பத்தோராண்டு சென்றது. 1591இல் அந்திரே பூர்த்தாடோ த மென்டோன்சா என்னும் தளபதி படையெடுத்தான். அப்போது ஆண்ட புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். போர்த்துக்கேயரின் ஆதரவோடு எதிர்மன்னசிங்கன் அரசுகட்டில் ஏறினான். யாழ்ப்பாண அரசு தன் உரிமையை இழக்கத் தொடங்கியது இவ்வாண்டிலேயே என்பது என் துணிபு. ஆயினும் நம்மிற் பலர் 1591ஐ அறியார்.

இரண்டாம் சங்கிலியாகிய சங்கிலி குமாரன் எதிர்மன்னசிங்கனின் மறைவுக்குப் பின் 1617இல் அதிகாரத்தைக் கைப்பற்றியவன். பாலனாகிய இளவரசனுக்குக் காப்பாளனாயிருந்த அரசகேசரியையும் அரச குடும்பத்தார் சிலரையும் கொன்று இவன் மேலெழுந்தான். இரகுவமிசம் பாடிய அரசகேசரி இவனே எனக் கொள்வாரும் உளர். உள்நாட்டிலே எதிர்ப்புத் தோன்றவே, தஞ்சை நாயக்கரின் படைத்துணையைச் சங்கிலி நாடினான். திறை செலுத்தத் தவறினான் என்பதைக் காரணமாகக் காட்டி, 1619இல் பிலிப்பு த ஒலிவேரா படைகொண்டு வந்தான். கடல்வழியே தப்ப முயன்ற சங்கிலி பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆங்கே மரணதண்டனை அடைந்தான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621இல் இடிப்பித்தவனும் அவ்வொலிவேராவே.

இவ்விருவரும் எவ்வாறு ஒருவராயினர்? மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், வைபவமாலையை இயற்றினார். கைலாயமாலை, வையாபாடல் முதலிய பழைய நூல்களும் செவிவழிச் செய்திகளுமே அவர்க்குக் கிடைத்த கருவிகள். போர்த்துக்கேயர் எழுதிவைத்த ஏடுகளை அவர் கண்டிருத்தல் இயலாது. ஒரே பெயருடைய இருவர் செய்தி மக்கள் நாவில் ஒன்றாகிக் கலந்திருந்தமையின், கேட்டவாறே எழுதினார். பல நூற்றாண்டுச் செய்தியை ஓரிடத்துத் திரட்டித் தந்த பெரியார் அவர். அவர் மீது பழி கூறுவது நம் கருத்தன்று. யானைக்கும் அடி சறுக்கும்.

இத்தவறு திருத்தப்பட்டு நெடுங்காலமாயிற்று. முதலியார் செ. இராசநாயகமும் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் 1920களிலேயே போர்த்துக்கேயச் சான்றுகளோடு ஒப்புநோக்கி இருவரையும் பிரித்துக் காட்டினர். குவேறோஸ் பாதிரியாரின் பெருநூலும் 1930இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அறிஞர் திருத்திய பிழை மேடையிலும் நாடகத்திலும் வகுப்பறையிலும் மட்டும் திருந்தாது நிற்கின்றது. அவ்வாறு நிற்கச் செய்தாருள் யானும் ஒருவன்.

இருவரை ஒருவராக்கினால் வரும் கேடு யாது என வினவலாம். கேடு மூன்று.

முதலாவது, 1544இன் கொலைக்கு 1619இன் வீழ்ச்சி தண்டனை என்றொரு பொய்க் காரணம் பிறக்கின்றது. இரண்டுக்கும் நடுவே எழுபத்தைந்து ஆண்டு உண்டு. படையெடுத்தவன் தன் நாடுபிடி வேட்கைக்குச் சமயத்தைப் போர்வையாக்கினான். அப்போர்வையை நாமே அவனுக்கு நெய்து கொடுக்கின்றோம்.

இரண்டாவது, 1560இல் தலைநகர் வீழ்ந்தபின்னும் குடிமக்கள் எழுந்து பகைவரை வெளியேற்றிய செய்தி முற்றும் மறைகின்றது. மன்னன் பெயரை நாம் மறந்திலோம். பெயரில்லாக் குடிமக்களின் ஆண்மையை மறந்தோம்.

மூன்றாவது, வீழ்ச்சிக்குக் காரணம் காக்கைவன்னியன் என்னும் ஒரு துரோகியின் சூழ்ச்சியே என நம்பி அமைகின்றோம். அரசுரிமைப் போட்டி, 1591இல் ஏற்ற அடிமைத்தளை, 1617இன் அரண்மனைக் கொலைகள், கடற்படையின்மை ஆகிய மெய்க்காரணங்களை ஆராயாது, ஒருவனைத் திட்டித் தீர்த்துவிடுகின்றோம்.

சமயத்தை வைத்து நண்பர் பகைவர் எனப் பிரித்தலும் இவ்வரலாற்றிற்குப் பொருந்தாது. மிகப்பிள்ளை ஆராச்சி என்னும் கிறித்தவத் தலைவர் 1618இல் இரண்டாம் சங்கிலிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார். அவரே பின்னர்த் தஞ்சைப் படையோடு சேர்ந்து போர்த்துக்கேயரை எதிர்த்தார். இவரை எப்பக்கத்தில் நிறுத்துவது?

போர்த்துக்கேயர் எழுதியன யாவும் மெய் என்று யான் கூறவில்லை. வென்றவன் தோற்றவனைக் கொடியவன் என்றே எழுதுவான். சங்கிலி குமாரனைப் பற்றிய அவர்தம் வசைமொழிகளை அப்படியே கொள்ளல் ஆகாது. ஆனால் ஆண்டும் படையெடுத்த தளபதியின் பெயரும் பிடிபட்ட இடமும் வசையல்ல; அவற்றை ஒப்பிட்டு உண்மை காணலாம்.

இக்கருத்துகளைக் கேட்ட நண்பரொருவர், "வீரமன்னனைப் போற்றும் மக்களின் உணர்ச்சியை ஏன் கலைக்கின்றீர்?" என்றார். நல்லூர் முத்திரைச்சந்தியில் நிற்கும் சிலையை யானும் வணக்கத்தோடு பார்ப்பவனே. நாம் வணங்குவது யாரை என்று அறிந்து வணங்குதல் மன்னனுக்கும் பெருமை, நமக்கும் பெருமை. மேலும், வினாவிய அம்மாணாக்கன் மன்னாரைச் சேர்ந்தவன்; கிறித்தவன். 1544இல் மாண்டாரின் வழியினனாக அவன் இருத்தலும் கூடும். அவர்கள் மாண்டதனால்தான் அரசு அழிந்தது என்ற கதையை அவன்முன் நின்று சொன்னேன். அது வரலாறும் அன்று, நீதியும் அன்று.

மறுநாள் வகுப்பிற்குச் சென்று, "நேற்று யான் கூறியது தவறு" என்று சொல்லிப் பாடத்தை மீண்டும் தொடங்கினேன். நக்கீரர் மரபினர் எனப் பெருமை பேசுவோர், குற்றம் தம் மேலதாயினும் குற்றமென்று கூறுதல் வேண்டுமன்றோ? கரும்பலகையில் இம்முறை நான்கு ஆண்டுகளை எழுதினேன்: 1544, 1560, 1591, 1619. ஆசிரிய நண்பர்கள் தத்தம் வகுப்புகளிலும் இந்நான்கையும் ஒரே வரிசையில் எழுதிவைப்பாராக. எஞ்சியதை மாணாக்கரே கணக்கிட்டுக்கொள்வர்.