குறைந்த செலவில் படம்: கடற்கரையில் எத்தனை பேர் போதும்?

குறும்படம் எடுக்கக் கிளம்பும் நமது பகுதி இளைஞர்கள் முதலில் கேமரா வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் பணத்தைக் கரைப்பது ஆட்களின் எண்ணிக்கை. ஒருவர் கூடினால் சாப்பாடு, வண்டி, தங்குமிடம் எல்லாமே கூடும்.

2011இல் வந்த லீனா மணிமேகலையின் 'செங்கடல்' தனுஷ்கோடியில் எடுக்கப்பட்டது. மீனவர்களும் இலங்கை அகதிகளும் அதில் நடித்தார்கள். அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது 2017இல்தான். அதற்கு முன் மணலில் வேன் போகும் தடம் மட்டுமே. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆளுக்கும் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். உள்ளூர் மக்களே நடித்தால் அந்தக் கணக்கில் பாதி தீர்ந்துவிடும்.

இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், ஓர் உதவி இயக்குநர், பொருட்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர். ஐந்து பேர் போதும் என்போம். காலை, மாலை வெயிலில் எடுத்தால் லைட் ஆட்களும் ஜெனரேட்டரும் வேண்டாம்.

பலர் முதலில் வெட்டுவது ஒலிப்பதிவாளரை. நம் கடற்கரையில் அது ஆகாது. வாடைக்காற்றும் கச்சான் காற்றும் மைக்கில் அடித்தால் வசனம் போய்விடும். பிறகு டப்பிங் ஸ்டுடியோ வாடகை தனி. நடித்த மீனவரோ அன்று கடலில் இருப்பார்!

ஐந்தாம் ஆள் ஊரறிந்தவராக இருப்பது நல்லது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் டிரோனை நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது. இந்த வேலைகளுக்காக அவர் சில வாரங்கள் முன்பே அலையத் தொடங்க வேண்டும்.