பனிக்காலமும் மழலையர் பள்ளியும்

மார்கழி பிறந்ததும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "பனி இறங்கத் தொடங்கிவிட்டது; பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?" வீசிங் என்று நாம் சொல்லும் ஆஸ்துமா உள்ள குழந்தையின் தாய்க்கும், அண்மையில் நிமோனியாவிலிருந்து மீண்ட குழந்தையின் தந்தைக்கும் இந்த அச்சம் எழுவது இயல்பே. சிலர் தை முடியும் வரை பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்கின்றனர். ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டு மாதம் நெடுங்காலம். கூட்டாளிகள் அயலாராகிவிடுவர், பள்ளி வாசலில் முதல் நாள் அழுகை மீண்டும் தொடங்கும். ஆகவே, பனிக்காலத்தில் மழலையர் பள்ளி குழந்தைக்கு எதைத் தருகிறது, நோயுற்ற பிள்ளைக்கும் அதை எவ்வாறு கிடைக்கச் செய்யலாம் என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

பருவமே பாடம்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் கண்டும் தொட்டும் முகர்ந்துமே கற்கின்றனர். ஆதலால் அங்கன்வாடியானாலும் தனியார் மழலையர் பள்ளியானாலும், நல்ல ஆசிரியையின் கையில் பருவமே பாடநூலாகிவிடுகிறது.

காலையில் புல் நுனியில் நிற்கும் துளியைத் தொட்டுப் பார்த்த குழந்தை, வெயில் ஏறியபின் அது எங்கே போயிற்று என்று கேட்கிறது. குளிர்ந்த நீர் ஊற்றிய எவர்சில்வர் தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைக் காட்டி, காற்றிலுள்ள நீராவியே குளிர்ந்து துளியாகிறது என்று ஆசிரியை விளக்குகிறார். நண்பகலில் முற்றத்தில் நின்று, ஒருவர் நிழலை மற்றவர் சாக்கட்டியால் வரைகின்றனர். ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-இல் வருகிறது. அந்நாள் நண்பகலில் சென்னையில் ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தையின் நிழல் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் நீளும். ஏப்ரல் மாதக் கடைசியில் அதே நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். கதிரவன் செல்லும் பாதை மாறுவதைக் குழந்தை தன் உடலைக் கொண்டே அறிகிறது.

மார்கழிக் கோலமும் அத்தகையதே. மாவைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி எடுத்துப் புள்ளி வைக்கும்போது, பின்னாளில் பென்சில் பிடிக்கப்போகும் விரல்கள் பழக்கம் பெறுகின்றன. புள்ளிகளை எண்ணுவதில் கணக்கும் சேர்ந்துவிடுகிறது. தைப் பொங்கலையொட்டிக் கரும்பு, மஞ்சள் கொத்து, புதுநெல், மொச்சை ஆகியவை வகுப்பறைக்கு வருகின்றன. விதைகளை நிறம் பார்த்துப் பிரிப்பது குழந்தைகளுக்கு விருப்பமான விளையாட்டு. ஆனால் அவ்விதைகளை மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பெரியவர் ஒருவர் அருகில் இருந்தே தீரவேண்டும்.

மருத்துவத்தோடு பிறந்த கல்வி

மழலையர் கல்விக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு பழையது. ரோம் நகரில் 1907 ஜனவரி 6 அன்று முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு மருத்துவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சில ஆண்டுகள் குளிர் மிகுந்த கொடைக்கானலில் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார்.

லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் ரேச்சல், மார்கரெட் மெக்மில்லன் சகோதரிகள் ஏழைக் குழந்தைகளுக்காக மருந்தகம் நடத்தினர். குணமாகிச் சென்ற குழந்தைகள், காற்றோட்டமற்ற நெருக்கமான வீடுகளில் மீண்டும் நோயுற்றுத் திரும்பி வருவதைக் கண்டனர். 1914-இல் அவர்கள் அங்கே திறந்தவெளி மழலையர் பள்ளியை நிறுவினர். தோட்டத்தை நோக்கித் திறந்த கொட்டகைகள், குளியல், நல்லுணவு, விளையாட்டு, உறக்கம் ஆகியவையே அதன் பாடத்திட்டம். லண்டனின் குளிரிலும் அது நடந்தது.

குளிரா, கிருமியா?

சளியையும் காய்ச்சலையும் உண்டாக்குபவை வைரஸ் கிருமிகள். பனி தானே நோயை உண்டாக்குவதில்லை. குளிருக்கு அஞ்சிச் சன்னலையும் கதவையும் அடைத்துவிட்டு, குழந்தைகள் நெருங்கி அமர்ந்திருக்கும் அறையில் கிருமி எளிதாகப் பரவுகிறது. இளங்குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது வழக்கமே. சன்னல் திறந்திருப்பதும், சோப்பிட்டு 20 நொடி கை கழுவுவதும் கனமான சுவெட்டரைவிடப் பயன் தரும். காலையில் அணிவித்த சுவெட்டரை, வெயில் ஏறியதும் கழற்றச் சொல்லுங்கள். வியர்வையில் நனைந்த உடையோடு பிள்ளை இருக்கக் கூடாது.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்குக் குளிர்ந்த காற்று மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும் என்பது உண்மை. அதற்காகப் பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை. அன்றாடம் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரைப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். அவசர இன்ஹேலரும் ஸ்பேசரும் பள்ளிப் பையில் இருக்கட்டும். பயன்படுத்தும் முறையை ஆசிரியைக்கு நேரில் காட்டிவிடுங்கள். பனியைவிடப் புகையே பெரும் பகை. கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, போகியன்று எரிக்கும் பழம்பொருள் ஆகியவற்றின் புகையிலிருந்து பிள்ளையை விலக்கி வையுங்கள். உலர்ந்த கோலமாவின் தூசு ஒத்துக்கொள்ளாவிட்டால், அரிசியை ஊறவைத்து அரைத்த ஈர மாக்கோலம் போடலாம்.

எப்போது நிறுத்தவேண்டும்?

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலோ பிள்ளையை அனுப்ப வேண்டா. மருந்தின் உதவியின்றிக் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் கழிந்தபின் அனுப்பலாம். ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலும், நீர் அருந்த இயலாவிட்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தையை அமர்த்தி ஆவி பிடிக்கச் செய்யாதீர்கள். கைதவறினால் உடல் வெந்துவிடும்.

படுக்கைக்கு வரும் பள்ளி

நெடுநாள் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்குப் பள்ளி செல்ல இயலாது. ஆனால் பருவத்தை அவர்களிடம் கொண்டுவரலாம். ஒரு தட்டில் ரவையைப் பரப்பிக் கொடுத்தால் விரலால் கோலம் வரையலாம். ஒரு கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தால் மறு கை போதும். சன்னல் வழியே தரையில் விழும் வெயில் நாள்தோறும் எங்கே நிற்கிறது என்று காகித ஒட்டால் குறித்து வரலாம். பதினைந்து நிமிடம் போதும். பிள்ளை களைத்தால் நிறுத்திவிடுங்கள்.

புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறும் குழந்தைகள் மண், சாணம், பூச்சாடி நீர் ஆகியவற்றைத் தொடக் கூடாது. அவர்களுக்குக் காகிதமும் வண்ணமும் ஏற்றவை. அவர்களுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால், இரவானாலும் காத்திராமல் மருத்துவரை அழைக்கவேண்டும்.

ஆசிரியையிடம் பேசி, வகுப்புப் பிள்ளைகள் வரைந்த பொங்கற்பானைப் படங்களை வாங்கி வாருங்கள். உங்கள் பிள்ளை வரைந்ததை அங்கே கொடுத்தனுப்புங்கள். தன் இடம் அங்கே காத்திருக்கிறது என்று குழந்தை அறிவது மருந்துக்குத் துணை நிற்கும். திரும்பிச் செல்லும் முதல் வாரம் அரைநாள் போதுமா என்பதையும், எந்த விளையாட்டைத் தவிர்க்கவேண்டும் என்பதையும் எழுதிய கடிதத்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். கேட்கத் தயங்க வேண்டா; அதை எழுதித் தருவதும் எங்கள் பணியே.