விண்மீன் கொத்துக்களும் விண்வெளித் தூசும்

இரவு வேளையில் கண்டி வாவிக் கரையில் நின்று சுற்றியுள்ள குன்றுகளை நோக்கினால், வீட்டு விளக்குகள் ஒளிப்புள்ளிகளாய்த் தோன்றும். அவற்றுள் ஒன்று மங்கலாயிருப்பின் காரணம் யாது? விளக்கே சிறியதாயிருக்கலாம், தொலைவில் இருக்கலாம், அன்றி, இடையே பனிமூட்டம் படர்ந்திருக்கலாம். வானை அளக்கப் புகுந்த அறிஞரையும் இம்மூன்று ஐயங்களே நெடுங்காலம் மயக்கின. அம்மயக்கத்தைத் தீர்க்கத் துணைநின்றவை விண்மீன் கொத்துக்கள்.

நம் முன்னோர் அறுமீன் எனப் போற்றிய கார்த்திகை அத்தகையதொரு கொத்து. கார்த்திகை மாதத்து நள்ளிரவில் அது கண்டியில் ஏறக்குறைய உச்சிவானில் நிற்கும். வெறுங்கண்ணுக்குத் தோன்றுவன ஆறேயெனினும், அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மீன்கள் உள. அவை ஒரே மேகத்திற் பிறந்து, ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் ஒன்றாய் இயங்குவன. ஆதலின், அவற்றுள் ஒன்று மற்றொன்றினும் ஒளிமிக்கதாய்த் தோன்றினால், அது இயல்பாகவே ஒளிமிக்கது என்று துணியலாம். முதல் ஐயம் இங்ஙனம் அகல்கின்றது.

இவ்வொளியை எண்ணாற் குறிக்கும் இன்றைய அளவுமுறையை 1856இல் முன்மொழிந்தவர் நோர்மன் பொக்சன். ஐந்து படி வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும் என்பது அவர் விதி. 1861இல் அவர் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், ஒளி கூடியும் குறைந்தும் வரும் மாறொளி மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தார்.

மாறொளி மீன்களுள் ஒரு வகை தூரத்தை அளக்கும் கோலாய்ப் பயன்படுகின்றது. மே மாத இரவில், கண்டியின் தென்வானில், தென்சிலுவைக்கு மேலே சற்று இடப்புறமாய் ஒரு மங்கிய புகைப்பொட்டுத் தென்படும். அதுவே ஒமேகா சென்டாரி என்னும் கோளக் கொத்து. இலண்டன் வாசிகள் தம் ஊரிலிருந்து ஒருநாளும் காணமுடியாத காட்சி இது! அக்கொத்தில் ஒரு நாளுக்குட்பட்ட காலத்தில் ஒளி கூடிக் குறையும் மீன்கள் பல உள. அவ்வகை மீன்களின் இயல்பான ஒளி ஏறக்குறையச் சமமாதலால், தோன்றும் ஒளியைக் கொண்டு தூரத்தைக் கணிக்கலாம். அது ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு.

ஆயினும் மூன்றாவது ஐயமாகிய மூட்டம் எஞ்சி நின்றது. 1918இல் ஹார்லோ ஷாப்லி, கோளக் கொத்துக்களைக் கொண்டு, நமது சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை என்று காட்டினார். ஆனால் பால்வீதியின் அகலத்தை மூன்று இலட்சம் ஒளியாண்டு எனக் கொண்டார். இன்றைய கணிப்போ ஏறத்தாழ ஒரு இலட்சமே. தூசைக் கணக்கிற் சேர்க்காமை இப்பிழைக்கு ஒரு காரணமாகும்.

1930இல் றொபேட் ட்றம்ப்ளர், மீன்களின் ஒளியைக்கொண்டு நூறு கொத்துக்களின் தூரத்தைக் கணித்து, அதிலிருந்து அவற்றின் பருமனையும் கண்டார். தொலைவிலுள்ள கொத்துக்கள் யாவும் பெரியனவாகவே வந்தன! நம்மை நடுவில் வைத்து இயற்கை அவ்வாறு அடுக்கியிருக்குமா? இடையிலுள்ள நுண்தூசு ஒளியைக் குறைக்க, அக்கொத்துக்கள் மிகத் தொலைவில் உள்ளனபோல் தோன்றின என்பதே அவர் கண்ட விடை.

அத்தூசு தன் அடையாளத்தையும் விட்டுச் செல்கின்றது. நீல ஒளியை மிகுதியாகவும் செவ்வொளியைக் குறைவாகவும் அது தடுக்கும். ஆகவே மீன் சிவந்து தோன்றும். நிறமாலையால் மீனின் இயல்பான நிறத்தை அறிந்து, நீல, மஞ்சள் வடிகட்டிகளினூடே அதன் ஒளியை அளந்து ஒப்பிட்டால், சிவப்பேற்றத்தின் அளவு புலனாகும். பெரும்பாலும் அதன் மூன்று மடங்கே தூசு கவர்ந்த ஒளி. அதை ஈடுசெய்த பின்னரே தூரம் மெய்யாகும். மங்கித் தோன்றுவதெல்லாம் தொலைவிலுள்ளதன்று என்பதே விண்மீன் கொத்துக்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.