நீலம் ஏன் தாமதிக்கிறது?

திரைகளுக்கான ஒளிர்பொருட்களை உருவாக்கும் அமெரிக்காவின் யுனிவர்சல் டிஸ்ப்ளே நிறுவனம், நீல நிறத்துக்கான நின்றொளிர் பொருளை 2024-இல் சந்தைக்குக் கொண்டுவருவோம் என்று 2022-இல் அறிவித்தது. அந்தக் கெடு கடந்துபோனது. 2025 மே மாதம் தென்கொரியாவின் எல்ஜி டிஸ்ப்ளே, அதே நிறுவனத்தோடு சேர்ந்து, நீலத்தில் ‘வணிக உற்பத்திக்கு ஏற்ற தரத்தை’ எட்டிவிட்டதாகச் சொன்னது. அதிலிருந்து வாசகர் கடிதங்களில் குழப்பம் கூடிவிட்டது. “அப்படியானால் கடையில் இருக்கும் ஓஎல்இடி டிவியில் நீலமே இல்லையா?” என்கிறார் ஒருவர். “நூறு சதவீதத் திறன் என்கிறார்களே, மின்சாரம் முழுக்க வெளிச்சமாகிவிடுமா?” என்று கேட்கிறார் இன்னொருவர். வாங்கலாமா, காத்திருக்கலாமா என்பதே பலருக்கும் கேள்வி.

நீலம் இருக்கிறது, பழைய முறை நீலம். சிவப்பும் பச்சையும் பல ஆண்டுகளுக்கு முன்பே இரிடியம் என்ற உலோகத்தின் கரிமச் சேர்மங்களுக்கு மாறிவிட்டன. நீலம் மட்டும் உலோகம் சேராத கரிமப் பொருளிலேயே நிற்கிறது. காரணம் தெரிய வேண்டுமானால், இரிடியம் அங்கே செய்யும் வேலையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் இவ்வளவு அழகான யோசனை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எலக்ட்ரானும், எலக்ட்ரான் இல்லாத இடமான துளையும் ஒரு மூலக்கூறில் சந்திக்கும்போது கிளர்ந்த நிலை உண்டாகிறது. இரண்டின் தற்சுழற்சியும் நான்கு விதமாகச் சேரலாம். ஒன்று ஒற்றைநிலை, மற்ற மூன்றும் மும்மைநிலை. ஒற்றைநிலை சில நானோ நொடிகளில் ஒளியை உமிழ்ந்துவிடும். மும்மைநிலை அப்படிச் செய்ய முடியாது. சுழற்சி திரும்பினால்தான் ஒளி பிறக்கும். அதைக் குவாண்டம் விதி தடுக்கிறது. வரிசையில் நிற்கும் நால்வரில் ஒருவருக்குத்தான் கதவு திறக்கிறது. மற்ற மூவர் கொண்டுவந்த ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடுகிறது.

உலோகம் சேர்ந்தால் மட்டும் இது சரியாகிவிடாது. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட முதல் நடைமுறை ஓஎல்இடியிலேயே அலுமினியச் சேர்மம் இருந்தது. ஆனால் அலுமினியத்தின் கருவில் 13 புரோட்டான்கள்தாம், இரிடியத்தில் 77. அத்தனை கனமான கருவின் அருகே எலக்ட்ரானின் சுற்றுப்பாதை இயக்கமும் தற்சுழற்சியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னிக்கொண்டபின் ஒற்றை, மும்மை என்ற பிரிவு கறாராக இருப்பதில்லை. மும்மைநிலைக்கும் கதவு திறக்கிறது. ஒற்றைநிலையில் பிறந்த கால் பங்கும் மும்மைநிலைக்கு இறங்கி, அங்கிருந்தே ஒளியாகிறது. இதுதான் நின்றொளிர்வு. பிரின்ஸ்டனில் ஸ்டீபன் ஃபாரஸ்ட் குழுவும் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மார்க் தாம்ப்சன் குழுவும் 1998-இல் பிளாட்டினச் சேர்மத்தைக் கொண்டு இதைக் காட்டினார்கள். மறு ஆண்டு இரிடியத்துக்கு வந்தார்கள்.

அந்த இரிடியச் சேர்மம் மஞ்சள் தூள். நடுவில் ஓர் இரிடியம், சுற்றிலும் மூன்று ஃபீனைல்பிரிடின். கரைப்பானில் கரைத்துப் புறஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக மங்கி ஒளிரும். கரைசலுக்குள் நைட்ரஜனைக் குமிழியாக விட்டு ஆக்சிஜனை வெளியேற்றினால் அதே கரைசல் பளீரென்று எரியும். ஆக்சிஜன் மூலக்கூறு இயல்பிலேயே மும்மைநிலையில் இருப்பது. சேர்மத்தின் ஆற்றலை அது பறித்துக்கொண்டிருந்தது. மும்மைநிலையிலிருந்துதான் வெளிச்சம் வருகிறது என்பதற்குக் கண்முன் இருக்கும் சாட்சி இது.

இனி அந்த ‘நூறு சதவீதம்’. உள்ளே சேரும் ஒவ்வோர் எலக்ட்ரான்-துளை இணைக்கும் ஓர் ஒளித்துகள் பிறக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். பிறந்த ஒளியில் பெரும்பகுதி அடுக்குகளுக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் சிக்கிக்கொள்கிறது. தட்டையான சாதாரண அமைப்பில் வெளியே வருவது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். விளம்பரம் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

என்னைக் கவலைப்பட வைப்பது நேரம். இரிடியம் கதவைத் திறந்தாலும் மும்மைநிலை ஏறத்தாழ ஒரு மைக்ரோ நொடி காத்திருக்கிறது. பழைய முறை நீலத்தின் காத்திருப்பைப்போல் இது பல நூறு மடங்கு. அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொரு கிளர்ந்த மூலக்கூறோ மின்னூட்டமோ வந்து மோதினால், இரண்டின் ஆற்றலும் ஒன்றிடம் குவிகிறது. நீல ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். இரண்டு சேர்ந்தால் 5.4. கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க 3.6 அளவு போதும். சிவப்பிலும் மோதல் நடக்கிறது, ஆனால் குவியும் ஆற்றல் குறைவு என்பதால் சேதமும் குறைவு. நீலத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: உலோகத்தையும் அதைச் சூழ்ந்த கரிமக் கூறையும் இணைக்கும் பிணைப்பைத் தளர்த்தும் நிலைகள் அதற்கு எட்டும் உயரத்திலேயே இருக்கின்றன. உடைந்த துண்டுகள் உள்ளேயே தங்கி அடுத்தடுத்த ஆற்றலையும் விழுங்குகின்றன. திறனைக் கொடுத்த அதே மும்மைநிலைதான் ஆயுளையும் தின்கிறது.

எனவே ‘ஆயுள்’ என்று யார் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். வெளிச்சம் 95 சதவீதத்துக்குக் குறையும்வரையா, பாதியாகும்வரையா? எந்தத் தொடக்க வெளிச்சத்தில்? வெளிச்சத்தைப் பாதியாக்கினால் ஆயுள் இரு மடங்குக்கும் மேலே போகும். இந்த இரண்டும் இல்லாத மணிக்கணக்கை நம்பாதீர்கள். எல்ஜியின் அறிவிப்பையும் இப்படித்தான் படிக்க வேண்டும்: அதன் பலகையில் இரண்டு நீல அடுக்குகள், மேலே நின்றொளிர் நீலம், கீழே பழைய நீலம். மின்சேமிப்பு சுமார் 15 சதவீதம். முன்னேற்றம்தான்; ஆனால் நீலம் பாதிதான் மாறியிருக்கிறது.

மோதலையும் காத்திருப்பையும் குறைக்கும் வேலையே இப்போது முக்கியம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபாரஸ்ட் குழு 2014-இல் ஒளிர்பொருளை அடுக்குக்குள் படிப்படியாகக் கூட்டிக் குறைத்து, கிளர்ந்த மூலக்கூறுகளைப் பரவலாக்கி மோதலைக் குறைத்தது. 2023-இல் மின்முனைகளின் அருகே ஒளி வேகமாக வெளியேறும்படி அடுக்குகளை அமைத்து ஆயுளைக் கூட்டியது. பிளாட்டினச் சேர்மங்களும் போட்டியில் இருக்கின்றன.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இரிடியம் தீர்ந்துவிடாதா? உலகில் ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிறது, பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில். ஆனால் ஒரு சதுர மீட்டர் திரையில் தங்குவது மில்லிகிராம் கணக்குதான்.

கைபேசித் திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நீலப் புள்ளி ஏன் பெரிது? பரப்பைக் கூட்டினால் ஒவ்வொரு மூலக்கூறின் மீதும் விழும் மின்சுமை குறையும்.

டியூட்டீரியம் என்கிறார்களே? ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான ஐசோடோப். அது பிணைப்பை உறுதியாக்கி ஆயுளைக் கூட்டுகிறது.

காத்திருக்கலாமா? 15 சதவீத மின்சாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தேவை இருந்தால் வாங்கி, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள்.