சுனைக்கு வேலி, மந்தைக்குத் தொட்டி

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ ஓராண்டில் பெய்யும் மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹாங்க்ஸ்வில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஓராண்டு மழை ஏறக்குறைய 150 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் அடைமழை பிடித்தால் இரண்டு நாளில் பெய்துவிடக்கூடிய அளவு அது.

இந்த வறண்ட ஊருக்குத் தெற்கே ஹென்றி மலைகள் நிற்கின்றன. அங்கே 300க்கும் மேற்பட்ட பைசன்கள் காட்டு விலங்குகளாகவே திரிகின்றன. அவற்றுக்குக் கொட்டகை இல்லை, மேய்ப்பவர் இல்லை. நன்கு வளர்ந்த ஆண் பைசனின் எடை 900 கிலோவைத் தொடும். இவ்வளவு பெரிய விலங்கு, இவ்வளவு வறண்ட நிலத்தில் எங்கே போய்த் தண்ணீர் குடிக்கிறது?

பதிலுக்கு முன் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘காட்டெருமை’ என்றதும் மலேசிய வாசகர்களுக்குச் செலாடாங் நினைவுக்கு வரும். நீலகிரிப் பக்கம் போனவர்கள், அங்கே அதே விலங்கை ஆங்கிலத்தில் பைசன் என்று அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். நாம் இங்கே பேசுவது வேறு விலங்கு. தோளில் திமிலும் முகமெல்லாம் சடைமயிருமாக நிற்கும் அமெரிக்கப் பைசன் அது. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த இந்த இனம், கண்மூடித்தனமான வேட்டையால் 1880களின் இறுதியில் ஆயிரத்துக்கும் குறைவாகச் சுருங்கியது.

1941இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து 18 பைசன்களை யூட்டாவின் பாலைநிலத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த ஆண்டு மேலும் 5 காளைகள் வந்தன. அவை விட்ட இடத்தில் நிற்கவில்லை. ஆற்றைக் கடந்து இடம் மாறின. 1960களில் உயரமான ஹென்றி மலைகளையே இருப்பிடமாக்கிக்கொண்டன. இன்றுள்ள மந்தை அந்த 23 விலங்குகளின் வழிவந்ததுதான்.

ஊற்று எப்படிப் பிறக்கிறது?

ஹென்றி மலைகளின் மிக உயர்ந்த சிகரமான மவுண்ட் எல்லன் 3,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. கீழே பாலையாக இருந்தாலும் மேலே குளிர்காலத்தில் பனி குவியும். வசந்தத்தில் அது உருகி, பாறை வெடிப்புகளுக்குள் இறங்கும். நீர் புகாத களிப்பாறை குறுக்கிட்டால் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. அப்போது அது பக்கவாட்டில் நகர்ந்து, மலைச்சரிவில் எங்கோ ஓரிடத்தில் கசிந்து வெளியே வரும். அதுதான் சுனை. ஆக, கோடையில் விலங்கு குடிக்கும் நீர் முன்பு பெய்த பனி. பனி குறைந்தால் ஊற்றும் மெலியும்.

இந்த ஊற்றுகள் பெரும்பாலும் மிகச் சிறியவை. நிமிடத்துக்கு 1 லிட்டர் சுரக்கும் ஊற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சமையலறைக் குழாயை இலேசாகத் திறந்துவிட்டால் வரும் நீர் அவ்வளவுதான். ஆனால் அது இரவும் பகலும் நிற்காமல் வருவதால் ஒரு நாளில் 1,440 லிட்டர் சேரும். வெயில் காலத்தில் வளர்ந்த பைசன் ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 36 பைசன்களுக்குப் போதும்.

கணக்கு சரியாக வருகிறது. நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பைசன்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகக் குடிப்பதில்லை. மந்தையாக வரும், குடிக்கும், போய்விடும். நூறு பைசன்கள் ஒரே நேரத்தில் வந்தால் 4,000 லிட்டர் தேவை. அந்த ஊற்றின் மூன்று நாள் சுரப்பு அது. சேமித்து வைக்க ஏற்பாடில்லை என்றால் முன்னால் வந்தவை குடிக்கும்; பின்னால் வந்தவை சேற்றை மிதிக்கும்.

குளம்பு செய்யும் வேலை

அந்தச் சேற்றில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஈர மண்ணில் கனமான குளம்புகள் பதியும்போது மண் இறுகுகிறது. நாணலும் கோரையும் வேரோடு நசுங்குகின்றன. அவை பிடித்துவைத்திருந்த மண், அடுத்த பெருமழையில் அடித்துச் செல்லப்படுகிறது. ஓடை ஆழமாக அரிக்கப்படுகிறது. ஓடை ஆழமானால் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டமும் அதனோடு கீழிறங்குகிறது. பச்சைப் பசேலென்று இருந்த ஈரநிலம் சில ஆண்டுகளில் காய்ந்த மண்ணாகிவிடும். நீரில் சாணமும் சிறுநீரும் கலப்பதால் பாசியும் நோய்க்கிருமிகளும் பெருகுவது இன்னொரு கேடு.

ஊற்றை நம்பி வாழ்வது பெரிய விலங்கு மட்டுமல்ல. யூட்டா, நெவாடா பகுதிகளில் கடுகளவே உள்ள நன்னீர் நத்தை இனங்கள் பல இருக்கின்றன. அவற்றில் சில, உலகிலேயே ஒரே ஓர் ஊற்றில் மட்டும் வாழ்பவை. அந்த ஊற்று கெட்டால் அந்த இனமே போய்விடும்.

ஊற்றைக் காக்கும் முறை

ஆகவே மேய்ச்சல்நில வல்லுநர்கள் கடைப்பிடிக்கும் அடிப்படை விதி இது: விலங்கை ஊற்றுக்கு வரவிடாதீர்கள், ஊற்றின் நீரை விலங்கு இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

முதலில் ஊற்றுக் கண்ணையும் அதைச் சுற்றியுள்ள ஈரநிலத்தையும் உறுதியான வேலியிட்டு அடைப்பார்கள். நீர் கசியும் இடத்தில் துளையிட்ட குழாயைப் புதைத்து, மேலே சரளைக் கல் நிரப்புவார்கள். சரளை மண்ணை வடிகட்டும். அங்கிருந்து சிறிய பெட்டி ஒன்றில் நீர் சேர்ந்து, சரிவில் தானாகவே இறங்கும். பம்ப்போ மின்சாரமோ வேண்டியதில்லை. குளிரில் உறைந்துவிடாமல் இருக்கக் குழாயை ஆழத்தில் புதைப்பார்கள். நீர் கடைசியாகச் சேர்வது, ஊற்றிலிருந்து தள்ளி, கெட்டியான தரையில் வைத்த தொட்டியில்.

பைசன் முட்டினாலும் உடையாத தொட்டி எங்கே கிடைக்கும்? சுரங்க லாரிகளின் ராட்சத டயர்கள் தேய்ந்துபோனதும் அவற்றைக் கிடையாகப் படுக்கவைத்து, நடுத்துளையைக் கான்கிரீட்டால் அடைத்துத் தொட்டியாக்குகிறார்கள். அமெரிக்க மேற்குப் பகுதியின் மேய்ச்சல் நிலங்களில் இத்தகைய டயர்த் தொட்டிகள் சாதாரணக் காட்சி.

மூன்று சின்ன விஷயங்களை மறந்தால் இத்தனை உழைப்பும் வீணாகும். தொட்டி நிரம்பியதும் மிதவை வால்வு நீரை நிறுத்த வேண்டும், அல்லது மிகுந்த நீர் தனிக் குழாய் வழியே பழைய ஓடைக்கே திரும்ப வேண்டும். ஊற்றில் சுரக்கும் அத்தனை நீரையும் எடுத்துவிடக் கூடாது. நத்தைக்கும் நாணலுக்கும் ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும். தொட்டிக்குள் சாய்வான ஏணித்தளம் ஒன்று இருக்க வேண்டும். நீர் குடிக்க வந்து தவறி விழும் பறவை, வௌவால், அணில் ஆகியவை அதைப் பிடித்து ஏறித் தப்பிக்கும். அது இல்லாவிட்டால் அவை மூழ்கிச் சாகும். தொட்டி நீரும் கெடும்.

ஊற்றே இல்லாத இடங்களில் மழைநீரைப் பிடிக்கும் கூரைகளை அமைக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, 150 மில்லிமீட்டர் மழையில், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாவிட்டாலும் 15,000 லிட்டர்தான் தரும். ஒரே ஒரு பைசனுக்கு ஓராண்டுக்குச் சரியாகப் போகும் அளவு அது. அதே கூரை சிங்கப்பூரில் இருந்தால் 2 லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். பாலைநிலத்தில் ஒரு சின்ன ஊற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது இப்போது விளங்கும்.

யாருடைய நீர்?

ஹென்றி மலைகளின் பெரும்பகுதி அமெரிக்க மத்திய அரசின் பொது நிலம். அங்கே கட்டணம் செலுத்தி மாடு மேய்க்கும் குடும்பங்களும் இருக்கின்றன. பைசன்கள் வருவதற்கு முன்பிருந்தே அந்தப் பகுதியில் கால்நடைகள் மேய்ந்துவந்தன. யூட்டாவின் நீர்ச் சட்டமோ, முதலில் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முதல் உரிமை என்கிறது. எனவே வறட்சி வந்தால் பைசன் மீதுதான் முதலில் கோபம் திரும்பும்.

அந்தக் கோபம் நியாயமா? 1970களின் பிற்பகுதியில் டிர்க் வான் வுரென் என்ற ஆய்வாளர் இந்த மலைகளில் இரு விலங்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மாடுகள் நீருக்கு அருகே, சமதளத்தையே விரும்பின. பைசன்களோ செங்குத்தான சரிவுகளிலும், நீரிலிருந்து வெகுதூரத்திலும் மேய்ந்தன. 2015இல் வெளிவந்த யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு இன்னொரு வியப்பைத் தந்தது. ஆய்வு நடந்த பகுதியில் விலங்குகள் தின்ற புல்லில் மாடுகளின் பங்கு ஏறக்குறைய 52 விழுக்காடு; முயல் இனங்களின் பங்கு 34 விழுக்காடு; பைசன்களின் பங்கு 14 விழுக்காடுதான். கால்நடை வளர்ப்போர் போட்டியாளராகக் கருதிய விலங்கைவிட முயல்களே அதிகம் தின்றிருந்தன.

இருந்தாலும் அவர்களின் கவலையைத் தள்ளிவிட முடியாது. அவர்கள் பிழைப்பு அந்தப் புல்லிலும் நீரிலும்தான் இருக்கிறது. அதனால்தான் ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வேட்டை உரிமம் வழங்கி மந்தையின் அளவைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். புதிய தொட்டி இருதரப்புக்கும் உதவும். மாடுகள் பொதுவாக நீரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான் நன்றாக மேயும். அந்த வட்டத்துக்குள் அடங்குவது சுமார் 700 ஹெக்டேர். சரியான இடத்தில் வைத்த ஒரே தொட்டி, அதுவரை எட்டாமல் கிடந்த அவ்வளவு புல்லைத் திறந்துவிடக்கூடும். பழைய ஊற்றைச் சுற்றியிருந்த நெருக்கடியும் குறையும்.

அதிகமானால்?

அப்படியானால் எங்கும் தொட்டி வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதைச் செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில், வறட்சியிலிருந்து விலங்குகளைக் காக்க நல்லெண்ணத்துடன் ஏராளமான ஆழ்துளைக் கிணறுகளையும் நீர்நிலைகளையும் அமைத்தார்கள். வறண்ட வடபகுதிக்கு வரிக்குதிரைகள் கூட்டமாக வந்தன. அவற்றைத் தேடிச் சிங்கங்கள் வந்தன. அங்கே ஏற்கெனவே வாழ்ந்துவந்த அரிய ரோன் மான்களுக்குப் புல்லும் குறைந்தது, பகையும் கூடியது. 1986இல் சுமார் 450 ஆக இருந்த அவற்றின் எண்ணிக்கை 1993இல் 45 ஆகச் சரிந்தது. பிறகு பல கிணறுகளை மூடினார்கள். ஆனாலும் ரோன் மான்கள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை.

நீர் வைக்கும் இடத்தில்தான் மேய்ச்சலும் மிதியும் நடக்கும். எனவே ஒரு தொட்டியை வைப்பது, எந்த நிலம் மிதிபட வேண்டும், எந்த நிலம் ஓய்வெடுக்க வேண்டும் என்று முடிவெடுப்பதற்குச் சமம். ஊற்றைப் பாதுகாப்பது எப்போதும் நல்லது. புதிய நீர்நிலை அமைப்பதை மட்டும் ஒவ்வோர் இடத்திலும் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை வனவிலங்கு ஆவணப்படத்தில் நீர்த்தொட்டி ஒன்று வந்தால், குடிக்கும் விலங்கைப் பார்த்து முடித்த பிறகு தொட்டியையும் ஒரு கணம் கவனியுங்கள். உள்ளே ஏணித்தளம் இருக்கிறதா? மிகுந்த நீர் எங்கே போகிறது? ஊற்றுக்கு வேலி இருக்கிறதா? அதைக் கட்டியவர்கள் எத்தனை உயிர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.