மூலிகை பழகுவோம் – 5: அதிமதுரம், இனிப்பான எச்சரிக்கை

கச்சேரிக்கு முன்னால் அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளும் பாடகர்கள் நம் ஊரில் உண்டு. தொண்டைக் கரகரப்புக்கு அது இதமானது. அதில் யாருக்கும் தகராறில்லை. ஆயுர்வேத ஏடுகள் யஷ்டிமது என்று குறிப்பிடும் இந்த வேரைத்தான் மூலிகைக்குப் புதியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பார்க்க அத்தனை சாது!

இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின். சர்க்கரையைவிட ஏறக்குறைய 50 மடங்கு தித்திக்கும். சிக்கலும் அதில்தான். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் அத்துமீறாமல் ஒரு நொதி அடக்கி வைத்திருக்கிறது. கிளைசிரைசின் அந்த நொதியை முடக்கிவிடும். பிறகு கார்ட்டிசால் வைத்ததுதான் சட்டம்: உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரோடு போகும். பிரஷர் ஏறும், கால் வீங்கும், முற்றினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக்காரர் ஒருவர் அதிமதுர மிட்டாயைத் தினமும் ஒன்றரைப் பை வீதம் சில வாரங்கள் தின்று, இதயம் நின்று இறந்துபோனார். 2020-ல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. அவர் கஷாயம் குடித்தவர்கூட இல்லை, மிட்டாய் தின்றவர்.

அதற்காக வேரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இந்திய ஆயுர்வேத மருந்து நூல் சொல்லும் அளவு நாளுக்கு 2 முதல் 4 கிராம் தூள். ஐரோப்பிய வல்லுநர்களோ, தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கிளைசிரைசின் 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். வேரில் அது 4 சதவீதம் என்று வைத்தாலும் 4 கிராம் தூளில் 160 மில்லிகிராம் வந்துவிடும். இருமலுக்கு நாலு நாள் சாப்பிடுவது வேறு, ‘உடம்புக்கு நல்லது’ என்று மாதக்கணக்கில் குடிப்பது வேறு.

பிரஷர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடாமலிருப்பதே நல்லது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு: பல நீர் மாத்திரைகள் ஏற்கெனவே பொட்டாசியத்தை வெளியேற்றுகின்றன. டிகாக்சின், ஸ்டீராய்டு எடுப்பவர்களும் இந்தப் பட்டியலில் சேர்த்தி.

வாங்கும்போதும் கண் வேண்டும். குன்றிமணிக் கொடியின் வேரும் லேசாக இனிக்கும் என்பதால் அதிமதுரமாக மாறிவருவதுண்டு. தூளில் எது என்று சொல்லவே முடியாது. அதனால் துண்டாக வாங்கி வீட்டில் இடிப்பது மேல். உடைத்தால் உள்ளே மஞ்சளாக, நாராக இருக்கும். பாக்கெட்டாக வாங்கினால் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள்.

இன்னொன்று. மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லையென்றால் டாக்டர் பெரும்பாலும் மருந்தைத்தான் கூட்டுவார். வீட்டில் காலையும் மாலையும் அதிமதுரக் கஷாயம் ஓடுவது அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தத் தூள் டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: அமுக்கரா)