காய்ச்சினாலும் போகாதது

காலை ஐந்தரைக்கெல்லாம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டி வாசலில் தூக்குப்போசிகள் வரிசை கட்டிவிடும். அந்த வாசலில் இருபத்தாறு ஆண்டுகள் பால் பரிசோதகராக இருந்தவன் நான். ஒருநாள் மேற்கு வளவிலிருந்து வந்த அக்கா ஒருவர் போசியை மேசைமேல் வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"மாட்டுக்கு மடி வீங்கிப்போச்சுங்க தம்பி. டாக்டர் வந்து ஊசி போட்டு நேத்தோட ரெண்டு நாளாச்சு. இப்ப வீக்கமெல்லாம் வத்திருச்சு. பாலை எடுத்துக்குவீங்களா?"

லாக்டோமீட்டரை விட்டேன். 28 காட்டியது. கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். தக்கையை அழுத்திக் குலுக்கியதும் குழாய் கையைச் சுடும். பால் கருத்துக் காப்பி நிறத்துக்கு வரும். எந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் கொழுப்பு மட்டும் பிரிந்து குழாயின் கழுத்தில் மஞ்சளாக நிற்கும். கோட்டைப் பார்த்தேன்: 4.1. "நல்ல பாலுங்க அக்கா" என்று நோட்டில் ஏற்றி, 40 லிட்டர் கேனில் ஊற்றிவிட்டேன்.

அந்த அக்கா கொழுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஊசி மருந்து பாலில் இறங்கியிருக்குமா என்றுதான் கேட்டார். அதைக் கண்டுபிடிக்க என் மேசையில் எந்தக் கருவியும் இல்லை. தண்ணீர் கலந்திருக்கிறதா, லிட்டருக்கு என்ன விலை போடலாம், இந்த இரண்டையும் பார்க்கத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு போசிப் பால் கேன் முழுக்கக் கலந்தது. நான் அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

பச்சைப் பால் விற்பனையை அரசு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்று பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் போசிதான் என் கண்முன் வருகிறது. "சில்லறைப் பாலே வேண்டாம், எல்லாரும் பாக்கெட் பால் வாங்கட்டும்" என்கிறார்கள் ஒரு சாரார். "கறந்த பாலுக்குக் குறுக்கே சட்டம் எதற்கு?" என்கிறார்கள் மறு சாரார். இரண்டு பேச்சும் மாட்டுக் கொட்டகைக்குள் போவதே இல்லை என்பதுதான் என் குறை.

இந்தச் சண்டை மேல்நாடுகளில் கடுமையாக நடப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே பாலைக் காய்ச்சும் வழக்கம் கிடையாது. குளிர்ந்த பாலை அப்படியே குடிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் சாராய ஆலைகளை ஒட்டிக் கொட்டகை போட்டு, ஆலைக் கழிவையே தீவனமாக ஊற்றி மாடு வளர்த்தார்கள். அந்தப் பாலைக் குடித்த பிள்ளைகள் ஏராளமாக இறந்தார்கள். 1858இல் ஒரு பத்திரிகை அந்தக் கொட்டகைகளைப் படம் போட்டு அம்பலப்படுத்தியது. 1908இல் சிகாகோ நகரம், காசநோய் இல்லை என்று சோதித்த மாட்டின் பால் தவிர மற்றதையெல்லாம் பாஸ்டரைஸ் செய்தே விற்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. பாஸ்டரைஸ் என்பது வேறொன்றுமில்லை: 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி பாலைச் சூடாக்கி உடனே குளிர வைப்பது. காசநோய்க் கிருமி, கன்று வீச்சுக்குக் காரணமான புரூசெல்லா, சால்மொனெல்லா எல்லாம் அந்தச் சூட்டிலேயே செத்துவிடும்.

1987 முதல் அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பச்சைப் பாலைக் கொண்டுபோய் விற்கக் கூடாது. மாநிலத்துக்குள் அவரவர் சட்டம். கலிபோர்னியாவில் கடையிலேயே வாங்கலாம். ஸ்காட்லாந்து 1983இலேயே விற்பனைக்குத் தடை போட்டது. பக்கத்து இங்கிலாந்தில் எச்சரிக்கை ஒட்டிப் பண்ணைக்காரர் நேரடியாக விற்கலாம். "என் வீடு, என் வாய், இதில் அரசுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறவர்களும், பெரிய கம்பெனிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பச்சைப் பாலை நம்பிப் பிழைக்கும் சிறு பண்ணைக்காரர்களும் அங்கே ஒரே அணி. அந்தப் பண்ணைக்காரர்களின் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் 2024 மார்ச்சில் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களில் கறவை மாடுகளுக்கே பறவைக் காய்ச்சல் வந்து, கறந்த பாலில் அந்த வைரஸ் மண்டிக் கிடந்ததைக் கண்டபிறகும் காய்ச்சாமல் குடிப்பேன் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரியவர்கள் தமக்காக முடிவு செய்யட்டும். இரண்டு வயதுப் பிள்ளை என்ன முடிவு செய்யும்?

இத்தாலியர்கள் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே காசு போட்டால் பச்சைப் பால் பிடித்துக்கொள்ளும் எந்திரங்கள் பல ஊர்களில் உண்டு. குடித்த பிள்ளைகள் சிலருக்குச் சிறுநீரகம் பாதித்ததும், 2008 டிசம்பரில் அரசு ஓர் உத்தரவு போட்டது. எந்திரத்தை மூடச் சொல்லவில்லை. காய்ச்சிய பிறகே குடிக்க வேண்டும் என்று அதன்மேல் சிவப்பு எழுத்தில் எழுதச் சொன்னது. "பொங்கி வந்து ரெண்டு தரம் அடங்கோணும், அப்புறந்தான் எறக்கோணும்" என்று என் அம்மா அடுப்படியில் சொன்னதும் அதுதான்.

அந்த வழக்கம் நம் ஊரிலேயே இப்போது தளர்கிறது. கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கண்ணாடிப் பாட்டிலில் நாட்டு மாட்டுப் பால் வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: காய்ச்சினால் சத்து போய்விடுமாம், அப்படியே குடிக்கலாமாம். மகள் பேத்திக்கு டம்ளரில் ஊற்றவே போய்விட்டாள். வாங்கி அடுப்பில் வைத்தேன். சூட்டில் குறைவது சில வைட்டமின்களில் கொஞ்சம். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியேதான் இருக்கும். இந்த மாதிரி விளம்பரத்தை அடக்குவதில் அரசு கைநடுங்கக் கூடாது. பால் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று புரத வகையைப் போட்டு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21இல் உத்தரவு போட்டது. 26ஆம் தேதியே திரும்பப் பெற்றுக்கொண்டது.

காய்ச்சினால் கிருமி சாகும், சரி. காய்ச்சினாலும் போகாதவை இரண்டு இருக்கின்றன. நம் சட்டம் முதலில் அவற்றைத்தான் பிடிக்க வேண்டும்.

ஒன்று, அந்த அக்கா சொன்ன ஊசி மருந்து. மடிநோய்க்குப் போடும் ஆன்டிபயாடிக், மருந்துக்குத் தகுந்தபடி சில நாட்கள் பாலில் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, பூசணத்தின் நஞ்சு. ஈரத்தில் கிடந்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை இவற்றில் பிடிக்கும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். மாடு அதைத் தின்றால் ஈரலில் அது கொஞ்சம் உருமாறிப் பாலுக்கு வந்துவிடும். நாளடைவில் மனிதரின் ஈரலைக் கெடுக்கக்கூடியது, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகக்கூடியது. பூசணம் பூத்த கடலையை "நமக்கு ஆகாது, மாட்டுக்குப் போடு" என்று ஒதுக்காத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. என் வீடும் அப்படித்தான் இருந்தது.

இதை நான் யூகத்தில் சொல்லவில்லை. அதே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. யூரியா, சோப்புத்தூள் என்று நாம் பயப்படுகிற கலப்படம் 12 மாதிரிகளில்தான் இருந்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் அளவுக்கு மேல். 368 மாதிரிகளில் பூசண நஞ்சு அளவுக்கு மேல். அந்த நஞ்சு அதிகம் தென்பட்ட இடங்களில் தமிழ்நாடும் ஒன்று; கூடவே டெல்லி, கேரளம். அது சில்லறைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் கூடுதலாக இருந்தது. பாக்கெட்டுக்கு மாறினால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

2006இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தது. அன்று போட்ட விதிப்படி, நாளுக்கு 500 லிட்டர் வரை கையாளும் பால்காரர் பதிவு செய்துகொள்ள வேண்டும். பால் முழுவதையும் கூட்டுறவுச் சங்கத்துக்கே ஊற்றும் உறுப்பினருக்கு அந்தப் பதிவும் தேவையில்லை. விதியில் குற்றமில்லை. ஆனால் நான் அறிந்த பால்காரர்களில் பதிவுத் தாளை வாங்கியவர்களுக்கும் புண்ணாக்கை எப்படி வைப்பது, ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை ஒதுக்குவது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கென்யாவில் இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே பாலில் பெரும்பகுதி சைக்கிளிலும் சிறு கடைகளிலும் பச்சையாகவே விற்கிறது; வாங்குகிறவர்கள் நம்மைப் போலக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். முதலில் அந்த வியாபாரிகளை விரட்டிப் பார்த்தார்கள். 2004 வாக்கில் மனம் மாறி, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தரும் வழிக்கு வந்தார்கள். நைரோபியில் இருக்கும் சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதற்குத் துணை நின்றது. அதே நிலையம் பிறகு குவாஹாட்டியில் அசாம் அரசுத் துறையோடு சேர்ந்து பால்காரர்களுக்கும் மாடு வளர்ப்போருக்கும் பயிற்சி நடத்தியது. அசாமில் முடிந்தது ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் ஏன் முடியாது?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று சில நிமிடங்களில் காட்டும் பட்டைகள் சந்தையில் கிடைக்கின்றன. போசிக்கு ஒன்று கட்டுப்படியாகாது. கேனுக்கு ஒன்று, வாரத்தில் ஒரு நாளாவது வைக்கலாம். தீவனக் கடையில் புண்ணாக்கு மூட்டையைச் சோதிக்க ஆள் வரவேண்டும். பாலைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் மூட்டையைப் பிரித்துப் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி போட்ட மாட்டின் பாலை ஒதுக்கி வைக்கும் நாட்களுக்கு அந்தக் குடும்பத்துக்குப் பாதி விலையாவது சங்கம் தரவேண்டும். ஒரே மாட்டை வைத்துப் பிழைக்கிறவர் நான்கு நாள் பாலைக் கீழே ஊற்றிவிட்டு எதைச் சாப்பிடுவார்? அந்த அக்கா தன் நஷ்டத்தைப் பார்க்காமல் உண்மையைச் சொன்னவர். அப்படிச் சொல்கிறவர் கைக்காசை இழக்கும்படி விட்டால், அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரிடம் நாளைக் காலை இரண்டு கேள்வி கேளுங்கள். மாட்டுக்கு இந்த வாரம் ஊசி போட்டீர்களா? புண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைத்திருக்கிறீர்களா, பலகைமேல் வைத்திருக்கிறீர்களா? ஊசி போட்டது உண்மைதான் என்று அவர் சொன்னால், டாக்டர் சொன்ன நாள்வரை அந்தப் பாலை வாங்காதீர்கள். ஆனால் அந்த நாட்களுக்கான காசை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.